நட்ட அலையாத்தி நிற்கவில்லையா? அறிகுறி பார்த்துக் கோளாறு கண்டுபிடிக்கும் வழி

கன்று நட்டு ஆறு மாதம் கழித்துப் போனால் அடையாளக் குச்சிகள் மட்டும் நிற்கின்றன. அலையாத்திக் காட்டை (மாங்குரோவ்) மீட்கப் புறப்பட்ட பலருக்கும் பழகிப்போன காட்சி இது. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் கன்று நட்ட 23 இடங்களைப் பின்னர் ஆராய்ந்து பார்த்தார்கள். அவற்றில் 9 இடங்களில் ஒரு கன்றுகூட உயிரோடு இல்லை. 1,000 ஹெக்டேருக்கு மேல் நட்டதில் 200 ஹெக்டேர் சொச்சம்தான் தேறியிருந்தது. எத்தனை பேரின் உழைப்பு அது என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

பாழான இடங்களைத் திரும்பச் சரிசெய்யும் வேலையில் நான் கற்றுக்கொண்டது, கன்றைப் பார்ப்பதற்கு முன்னால் தண்ணீரைப் பார்க்க வேண்டும் என்பதுதான். எவ்வளவு உயரம் ஏறுகிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது, எந்த வழியாக வடிகிறது என்று கவனித்தால் பாதிக்கு மேற்பட்ட கோளாறுகள் அங்கேயே பிடிபட்டுவிடும். மறுபடி கன்று நடுவது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை.

உங்கள் இடத்தில் எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். செலவில்லாத காரணம் முதலில் வரும், காசு கரைக்கும் காரணம் கடைசியில் வரும். கையில் இருக்க வேண்டியவை: சென்டிமீட்டர் குறித்த நாலைந்து கழிகள், ஓத அட்டவணை (கடல்நீர் ஏறும் ஏற்றமும் இறங்கும் வற்றமும் எப்போது என்று காட்டுவது), மண்வெட்டி, அமிலத்தன்மை பார்க்கும் பிஎச் தாள், உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர். கடைசியாகச் சொன்னதை வாங்க வேண்டியதில்லை, இறால் பண்ணை வைத்திருப்பவர்களிடம் இரவல் கேட்கலாம்.

அறிகுறி 1: நட்ட சில வாரங்களில் கன்றுகள் காணாமல் போகின்றன

முதலில் மிச்சம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். குழி மட்டும் இருக்கிறதா, கடித்த தண்டு இருக்கிறதா, பிடுங்கி வந்த கன்று கரையில் ஒதுங்கிக் கிடக்கிறதா? அதைப் பொறுத்து வழி பிரிகிறது.

கடித்த தண்டு இருந்தால்: நண்டு. சுரபுன்னை என்ற அலையாத்தி வகையின் முளைவிதை (மரத்திலேயே முளைவிட்டு நீளும் விதை) நண்டுகளுக்கு நல்ல தீனி. பறித்த முளைவிதையை ஒரு வாரம் நிழலில் ஈரச் சாக்கு போட்டு வைத்திருந்து, சற்று வாடிய பிறகு நட்டால் கடிப்பது குறையும். அதற்கும் அடங்காவிட்டால், முளைவிதைக்குப் பதிலாக நாற்றங்காலில் தண்டு முற்றிய கன்றை நடலாம், அல்லது மூங்கில் குழாயைச் சுற்றிச் செருகலாம். மருந்து தெளிக்கவே கூடாது. மண்ணைத் துளைத்துக் காற்றோட்டம் தருவதே அந்த நண்டுகள்தான்.

கன்று முழுசாகக் கரை ஒதுங்கியிருந்தால்: ஆழம் போதாமல் நட்டிருக்கலாம். சுரபுன்னை முளைவிதையின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு சேற்றுக்குள் போக வேண்டும். வேர்விடும் கூர்முனை மேலே தெரிய, தளிர் வரும் முனை கீழே போக, தலைகீழாக நட்ட வரிசைகளையும் பார்த்திருக்கிறேன். அவசரமாக நூறு பேரை இறக்கி நடும்போது இது நடந்துவிடும். பழுத்த முளைவிதைதானா என்பதும் முக்கியம். காய்க்கும் தண்டுக்கும் நடுவே மஞ்சளாகவோ செம்பழுப்பாகவோ வளையம் தெரிந்து, தொட்டால் கழன்று வருவதே பழுத்தது. இழுத்துப் பிய்த்தது தேறாது.

ஆழமும் சரி, விதையும் சரி, அப்படியும் போகிறது என்றால்: இடம் தவறு. மிகவும் தாழ்வான இடத்தில் நட்டிருக்கிறீர்கள். தோல்விகளில் பெரும் பங்கு இதனால்தான் வருகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அலையாத்தி இயற்கையாக வளர்வது சராசரிக் கடல்மட்டத்துக்கு மேலே, பெரிய ஏற்றம் தொடும் எல்லைவரை உள்ள பட்டையில். மொத்த நேரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும் இடம் அதற்கு ஒத்துவராது. ஆனால் அந்த உயரத்தில் உள்ள நிலம் யாருடைய பெயரிலாவது இருக்கும், பண்ணையாகவோ உப்பளமாகவோ மாறியிருக்கும். யாரும் உரிமை கேட்காத வெறும் சேற்றுத் திட்டு கடல் பக்கம் கிடக்கும். அதனால் திட்டங்கள் எல்லாம் அந்தத் திட்டில் போய் இறங்குகின்றன. பிலிப்பைன்ஸில் பல ஆண்டுகள் இப்படித்தான் நட்டார்கள். பெரும்பாலான இடங்களில் பிழைத்தது 10 முதல் 20 சதவீதம்தான்.

சோதனை இது. பக்கத்திலேயே, அதே ஓடையில், தானாக வளர்ந்து நன்றாக நிற்கும் காட்டைத் தேர்ந்தெடுங்கள். அதன் கடல் பக்க விளிம்பில், கடைசி மரத்தின் காலடியில் ஒரு கழியை ஊன்றுங்கள். நடப்போகும் இடத்தில் இன்னொன்று. காற்றில்லாத நாளில், ஏற்றம் உச்சியில் நின்று தண்ணீர் அசையாமல் இருக்கும் சில நிமிடங்களில் இரண்டு கழியிலும் ஆழத்தை ஒரே நேரத்தில் பாருங்கள். காட்டு விளிம்பில் 60 சென்டிமீட்டர், உங்கள் இடத்தில் 110 என்றால், உங்கள் நிலம் 50 சென்டிமீட்டர் தாழ்வு. அங்கே எவ்வளவு கன்று நட்டாலும் நிற்காது. மூன்று நான்கு பெரிய ஏற்றங்களில், அதாவது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில், திரும்பப் பார்த்து உறுதி செய்யுங்கள். அந்தத் திட்டில் கடற்புல் வளர்ந்திருந்தால் சோதனைகூட வேண்டாம், விட்டுவிடுங்கள். அது ஏற்கெனவே மீன்குஞ்சுகளின் வீடு.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: வித்தியாசம் 10, 15 சென்டிமீட்டருக்குள் இருந்து உங்களால் முடிவு செய்ய முடியவில்லை என்றாலும், நிலம் சில ஹெக்டேருக்கு மேல் விரிந்திருந்தாலும், கருவி வைத்து மட்டம் எடுக்கும் நில அளவையரை அழையுங்கள். மறுநடவுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது சிறு தொகை.

அறிகுறி 2: கன்று நிற்கிறது, ஆனால் வளரவில்லை, இலை மஞ்சளாகிறது

தண்டைத் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று கொட்டலசு (ஓட்டோடு ஒட்டி வளரும் சிறு கடலுயிர்) ஒட்டியிருக்கிறதா? சில நாட்களுக்கு ஒருமுறை கையால் சுரண்டிவிட்டால் கன்று தப்பும் என்று சொல்வார்கள். சிறிய இடத்தில் செய்யலாம். ஆனால் கொட்டலசு அடர்ந்து ஒட்டுவதே அந்தக் கன்று நெடுநேரம் தண்ணீருக்குள் இருக்கிறது என்பதன் அடையாளம். அறிகுறி 1-இல் சொன்ன கழிச் சோதனைக்குத் திரும்புங்கள்.

தண்டு சுத்தம் என்றால், வற்றத்தில் காலடியைப் பாருங்கள். எல்லா இடமும் வடிந்த பிறகும் கன்றைச் சுற்றிக் குட்டைபோலத் தண்ணீர் தேங்குகிறதா? மண்ணைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் சதுப்புச் சேற்றில் கொஞ்சம் இருப்பது இயல்பு. கையளவு ஆழத்துக்கும் கருங்கூழாக இருந்து, சுற்றிலும் ஒரு நண்டு வளைகூட இல்லாவிட்டால் அது கோளாறு. வேர் மூச்சு முட்டி நிற்கிறது. தேங்கும் பள்ளத்திலிருந்து அருகிலுள்ள ஓடைவரை ஒரு மண்வெட்டி அகலத்தில் வாய்க்கால் கீறிவிட்டாலே சில மாதங்களில் இலை பச்சை திரும்பும்.

தேக்கமும் இல்லை என்றால் உப்பைப் பாருங்கள். முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டி, ஊறி வரும் தண்ணீரை எடுங்கள். மேலே ஓடும் தண்ணீரை அளந்து ஏமாறாதீர்கள், வேர் குடிப்பது மண்ணுக்குள் இருப்பதைத்தான். கடல்நீர் லிட்டருக்கு 35 கிராம். 40 வரை பெரும்பாலான வகைகள் சமாளிக்கும். 60-ஐத் தாண்டினால் சுரபுன்னையை மறந்துவிட்டு, உப்பை அதிகம் தாங்கும் வெண்கண்டல் வகைக்கு மாறுங்கள். 90-ஐத் தொட்டால் வெண்கண்டலும் குட்டையாகிச் சாகும். அங்கே வகையை மாற்றி என்ன பயன், அறிகுறி 4-க்குப் போங்கள். கருவியின் அளவுகோலைத் தாண்டிவிட்டால் அதே அளவு நல்ல தண்ணீர் கலந்து அளந்து, கிடைத்த எண்ணை இரட்டிப்பாக்குங்கள்.

அறிகுறி 3: இலைகள் தின்னப்பட்டு மொட்டையாக நிற்கின்றன

நுனியோடு சேர்த்து ஒரே உயரத்தில் மேய்ந்ததுபோல் இருந்தால் ஆடு, மாடு. வெண்கண்டல் இலை அவற்றுக்கு மிகவும் பிடிக்கும். வேலி போடுவதற்கு முன்னால் மேய்ப்பவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். கன்று ஆள் உயரம் வரும்வரை எந்தப் பாதை, எந்த மாதம் என்று அவர்களே வழி சொல்வார்கள்.

இலை நரம்பு மட்டும் மிஞ்சி, மரம் மரமாகப் பழுப்பேறினால் புழு. தேக்கு இலையை அரிக்கும் அதே புழு வெண்கண்டலையும் கூட்டமாகத் தாக்கும். பார்க்கப் பயமாக இருக்கும், காடே செத்ததுபோலத் தோன்றும். பொறுங்கள். சில வாரங்களில் புதுத் தளிர் வரும். பூச்சிமருந்து அடித்தால் இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும்தான் முதலில் போகும். இரண்டு மாதமாகியும் துளிர்க்காத மரங்கள் அதிகம் இருந்தால் மட்டும் வன ஆராய்ச்சியாளரை அழையுங்கள்.

அறிகுறி 4: நடுவில் வெட்டவெளி, மேலே வெள்ளை உப்பு, உமரிப் பூண்டு தவிர ஒன்றும் இல்லை

சுற்றிலும் மரம் இருக்கும், நடுவில் மட்டும் திடல். பார்த்தவுடன் நடத் தோன்றும். நடாதீர்கள்.

எளிய காரணம்: தண்ணீர் வரும் வழி அடைபட்டிருக்கிறது. ஓடை வாயில் மணல் திட்டு, விழுந்த மரம், யாரோ நடந்துபோகப் போட்ட மண் பாதை. பெரிய ஏற்றத்தன்று திடலின் ஓரத்தில் நின்று, தண்ணீர் எங்கே வந்து நிற்கிறது என்று கண்ணால் பாருங்கள். அடைப்பு ஒரே இடத்தில் இருந்தால் அதை எடுத்துவிட்டு ஒரு பருவம் காத்திருங்கள்.

கடினமான காரணம்: நிலமே கிண்ணம்போல் உள்வாங்கியிருக்கிறது. பிச்சாவரத்தில் நடந்தது இதுதான். பழைய காலத்தில் காட்டைப் பகுதி பகுதியாக மொத்தமாக வெட்டி எடுத்தார்கள். நிழல் இழந்த சேற்றில் ஈரம் வற்றி மண் அமுங்கியது. பள்ளத்தில் ஏற்றத் தண்ணீர் புகுந்து வடியாமல் நின்றது, வெயிலில் ஆவியாகி உப்பை விட்டுச் சென்றது. 1990-களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் தமிழ்நாடு வனத்துறையும் ஊர் மக்களோடு சேர்ந்து அங்கே மீன்முள் வடிவில் கால்வாய் வெட்டின. நடுவே ஒரு முதன்மைக் கால்வாய், அதிலிருந்து இருபுறமும் சாய்வாகப் பிரியும் கிளைகள். ஒவ்வொரு ஏற்றத்திலும் தண்ணீர் உள்ளே போய், வற்றத்தில் உப்பைக் கரைத்து எடுத்துக்கொண்டு வெளியேறியது. அதன் பிறகே கன்று நட்டார்கள். இன்று அந்தத் திடல்கள் காடு.

இதைச் செய்யப் போகிறீர்கள் என்றால் கவனிக்க வேண்டியவை சில. கால்வாயின் அடிமட்டம் ஓடையை நோக்கிச் சரிய வேண்டும், இல்லாவிட்டால் நீளமான குட்டையைத்தான் வெட்டியிருப்பீர்கள். பக்கச் சுவர் செங்குத்தாக இல்லாமல் மேலே அகன்று கீழே குறுகி இருக்கட்டும். தோண்டிய மண்ணைக் கரையோரம் தொடர் வரப்பாகக் குவிக்காதீர்கள், அது புது அணையாகி வேலையைக் கெடுக்கும். நடுவே இடைவெளி விட்டுச் சிறு குவியல்களாகப் போடுங்கள். கன்றைச் சரிவின் நடுவில் நடுங்கள். மேலே நட்டால் காயும், அடியில் நட்டால் மூழ்கும். அப்புறம், கால்வாய் தூர்ந்துகொண்டே இருக்கும். தூர்வார முதல் சில ஆண்டுகளுக்கு ஆளும் பணமும் ஒதுக்காமல் வெட்டத் தொடங்காதீர்கள். நன்றாக வந்துகொண்டிருந்த இடங்கள் இந்த ஒரு காரணத்தால் மறுபடி திடலாவதைப் பார்ப்பதுதான் இந்த வேலையில் எனக்கு மிகவும் வேதனை தருவது.

வழியை மறைக்கும் கிளைகளை ஒதுக்கும்போது தில்லை மரத்தின் பாலில் எச்சரிக்கையாக இருங்கள். கண்ணில் தெறித்தால் பார்வையே மங்கும். நிறைய நல்ல தண்ணீரில் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் போக வேண்டும்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: அடைப்பு எடுத்து ஒரு பருவம் கழிந்தும் உப்பு இறங்காவிட்டால். கால்வாயின் சரிவையும் திசையையும் மட்டம் எடுத்துக் கணக்கிடத் தெரிந்தவர் வேண்டும். அதோடு அனுமதியும் வேண்டும். அலையாத்தி நிலத்தில் மண் தோண்டுவது பல நாடுகளில் சட்டப்படி கட்டுப்படுத்தப்பட்ட செயல். நல்ல நோக்கம் என்பது அனுமதிக்கு மாற்றாகாது.

அறிகுறி 5: கைவிட்ட இறால் குளத்தில் எதை நட்டாலும் சாகிறது

முதலில் நிலம் யாருடையது என்று எழுத்தில் உறுதி செய்யுங்கள். கன்று முழங்கால் உயரம் வந்த பிறகு உரிமையாளர் வந்து நின்றால் எல்லாம் வீண்.

அடுத்து, கரை இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறதா? பழைய ஓடை எங்கே ஓடியது என்பதைப் பழைய வான்படத்திலோ ஊர்ப் பெரியவர்களிடமோ கேட்டறிந்து, அந்த இடத்திலேயே கரையை உடையுங்கள். கண்ட இடத்தில் உடைத்தால் தண்ணீர் வரும், ஆனால் வடியாது. அருகில் தாய்மரங்கள் இருந்தால் விதை மிதந்து தானாக வரும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ராபின் லூயிஸ் என்ற சூழலியலாளர் காட்டிய வழி இது: மட்டத்தையும் ஓத ஓட்டத்தையும் சரிசெய், நடவைக் கடைசியாக யோசி. ஓரிரு விதைப் பருவம் பாருங்கள். வரவில்லை என்றால் வேறிடத்து விதைகளைச் சேகரித்து ஏற்றத் தண்ணீரில் மிதக்க விட்டுப் பாருங்கள்.

தண்ணீர் சரியாகப் போய்வந்தும் முளைத்தவை கருகினால் அமில மண்ணாக இருக்கலாம். வெட்டிய கரையில் துருநிறக் கசிவு, மண் பிளவுகளில் வெளிர்மஞ்சள் படிவு தெரியும். புது மண்ணின் பிஎச் நன்றாகவே காட்டும், அதை நம்ப வேண்டாம். ஒரு பிடி மண்ணை எடுத்து ஈரம் லேசாக இருக்கும்படி சில வாரம் காற்றில் வைத்துவிட்டு மறுபடி பாருங்கள். 4-க்குக் கீழே விழுந்தால் அதுதான் கோளாறு. அந்த மண்ணைக் கிளறிக் காயவிடுவது மிகப் பெரிய தவறு. மூழ்க வைத்து, ஓதம் அலசிக்கொண்டே இருக்கும்படி விட வேண்டும். சுண்ணாம்பு கொட்டுவது பற்றி யோசிக்கும் நிலை வந்தால் மண் ஆய்வகத்திடம் போங்கள், கணிப்பில் செய்யாதீர்கள்.

அறிகுறி 6: வளர்ந்த மரங்கள் கூட்டமாகக் காய்கின்றன

வட்டமாக ஒரு சிறு பகுதி மட்டும் காய்ந்திருந்தால் மின்னல் விழுந்திருக்கும். ஒன்றும் செய்ய வேண்டாம், இளங்கன்றுகள் அந்த வெளிச்சத்தைப் பிடித்துக்கொள்ளும்.

வட்டம் இல்லை என்றால் மூச்சு வேர்களைப் பாருங்கள். பென்சில்போலச் சேற்றிலிருந்து மேலே நீட்டிக்கொண்டிருக்க வேண்டியவை பிளாஸ்டிக் பைகளாலும் கிழிந்த வலைகளாலும் மூடியிருந்தால் அள்ளி எடுங்கள். ஒரு நாள் வேலையில் மரம் பிழைக்கும். புயலோ தூர்வாரலோ கொண்டுவந்த மண் பத்து சென்டிமீட்டருக்கு மேல் மூடியிருந்தால் ஆபத்து. எண்ணெய்ப் படலம் என்றால் யாரையும் உள்ளே மிதிக்க விடாதீர்கள், கால் பட்டால் எண்ணெய் சேற்றுக்குள் இறங்கிவிடும். கடலோரக் காவல் படைக்கு அன்றே தகவல் போக வேண்டும்.

வேர்கள் சுத்தமாக இருந்தால் கடந்த சில ஆண்டுகளில் என்ன கட்டினார்கள் என்று விசாரியுங்கள். சாலை ஒன்று குறுக்கே வந்து, குழாய்ப் பாலம் சிறிதாகவோ உயரமாகவோ வைத்திருப்பார்கள். சாலையின் ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் மொட்டை என்றால் சந்தேகமே வேண்டாம். படம் எடுத்து, இரு பக்க நீர்மட்டத்தையும் ஒரே நேரத்தில் அளந்து எழுதிக்கொண்டு பொறியாளரிடம் போங்கள். அளவு இல்லாமல் போனால் பேச்சு நீளும்.

எதுவும் பொருந்தாமல் கடற்கரை நெடுகக் காய்ந்தால் காரணம் உள்ளூரில் இல்லாமல் இருக்கலாம். 2015–16-இல் ஆஸ்திரேலியாவின் கார்ப்பன்டேரியா வளைகுடாவில் சுமார் 1,000 கிலோமீட்டர் நீளத்தில் 7,000 ஹெக்டேருக்கு மேல் காய்ந்தது. வறட்சியும் வெப்பமும் சேர்ந்திருந்த அந்த எல் நினோ (பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும்) காலத்தில் கடல்மட்டம் தற்காலிகமாகத் தாழ்ந்திருந்தது. இந்த அளவு வந்தால் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் வேலை. நீங்கள் செய்யக்கூடியது, தேதியிட்ட படங்களை எடுத்து வைப்பது.

அறிகுறி 7: விளிம்பு மரங்கள் வேரோடு சாய்கின்றன, கரை பின்வாங்குகிறது

இங்கே கன்று நட்டுப் பயனில்லை, அலை மண்ணையே எடுத்துப் போகிறது. மணல் அள்ளுதல், படகு வேகம், புதிதாக முளைத்த அலைத்தடுப்புச் சுவர் ஆகியவற்றில் ஒன்று காரணமா என்று பாருங்கள். அவை நிறுத்தக்கூடியவை.

சேற்றுக் கரையாக இருந்தால் மூங்கிலும் விறகுக் கட்டுகளும் வைத்து நீர் ஊடுருவும் வேலி கட்டலாம். அலை தணிந்து, வண்டல் பின்னால் படிந்து, நிலம் உயர்ந்தபின் கன்று தானாக வரும். வியட்நாமின் மேகாங் கழிமுகத்திலும் இந்தோனேசியாவின் தெமாக்கிலும் இது நடந்திருக்கிறது. மூங்கிலைக் கப்பல்புழு சீக்கிரம் தின்றுவிடும், பழுதுபார்க்க ஆள் வேண்டும். தெமாக்கில் இன்னொரு பாடமும் உண்டு. நிலத்தடி நீரை உறிஞ்சுவதால் அங்கே தரையே தாழ்ந்துகொண்டிருக்கிறது. அந்த நிலையில் வேலி மட்டும் போதாது.

கடற்கரைப் பொறியாளர் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். ஊருக்குக் கொடுக்கும் வாக்கிலும் கவனம் வேண்டும். 100 மீட்டர் அகலக் காடு அலையின் உயரத்தை 13 முதல் 66 சதவீதம்வரை குறைக்கும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. பத்து மீட்டர் பட்டையை நட்டுவிட்டுப் புயலில் வீட்டிலேயே இருங்கள் என்று சொன்னால் உயிர் போகும்.

அறிகுறி 8: காடு வந்துவிட்டது, நண்டும் மீனும் வரவில்லை

ஒரு சதுர மீட்டரில் நண்டு வளை எத்தனை என்று பத்து இடங்களில் எண்ணுங்கள். பக்கத்து இயற்கைக் காட்டிலும் எண்ணுங்கள். மிகக் குறைவாக இருந்தால் பெரும்பாலும் ஒரே வகையை வரிசையாக நெருக்கி நட்ட காடாக இருக்கும், உள்ளே ஓடையே இருக்காது. ஊடே சிறு வாய்க்கால்கள் திறந்து, மற்ற வகைகள் நுழைய இடம் விட்டால் மாறும். காலம் எடுக்கும்.

வளைகள் நிறைய இருந்தும் பிடிபாடு இல்லை என்றால் ஓடை வாயைப் பாருங்கள். கொசுவலைபோலச் சின்னக் கண்ணி வலையைக் குறுக்கே கட்டியிருந்தால் குஞ்சுகள் உள்ளே வருவதற்கு முன்பே முடிந்துவிடும். இதை அதிகாரியை வைத்து நிறுத்துவதைவிட, கையால் தடவி இறால் பிடிப்பவர்களையும் நண்டு பிடிப்பவர்களையும் கூட்டி, எந்த ஓடை யாருக்கு, எந்த மாதம் மூடுவது என்று அவர்களையே முடிவு செய்ய வைப்பது நிலைக்கும். காடு வளர்ந்ததும் வேலி போட்டு அவர்களை வெளியே நிறுத்திய இடங்களில், அடுத்த அடைப்பு விழுந்தபோது சொல்ல ஆள் இருக்கவில்லை.

காடு உறிஞ்சும் கார்பனைக் கணக்கிட்டு விற்றுப் பணம் தருகிறோம் என்று யாராவது வந்தால், எத்தனை ஆண்டு ஒப்பந்தம், மரம் செத்தால் பொறுப்பு யாருடையது, மீன்பிடி உரிமை என்னாகும் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கி, கையெழுத்துக்கு முன் வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.